மலை இல்லாத ஊரில் தைப்பூசம்

என் தங்கை புருஷன் ஆண்டிச்சாமிக்கு ஹாலந்து போக இடம் கிடைத்தபோது எங்கள் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. நல்ல செய்திக்கு எதற்குச் சண்டை என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எது வந்தாலும் முதலில் சண்டை, அப்புறம்தான் காப்பி.

என் பெயர் வேலுசாமி. திண்டுக்கல் வெங்காய மண்டியில் எடை போடுகிறவன். ஆண்டிச்சாமி தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரில் சின்ன வெங்காயம் பயிர் செய்கிறவன். பத்தாவது வரை படித்தவன். இங்கிலீஷ் தடுக்கித் தடுக்கி வரும், ஆனால் நிற்காமல் வரும். 1960-ல் வெளிநாட்டு விவசாயி வீட்டில் ஆறு மாதம் தங்கி வேலை பழகிவிட்டு வரும் ஒரு திட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் பட்டறை போட்டு, அதாவது குவித்து ஓலை மூடி, வைக்கிற வெங்காயம் நாலு மழை பெய்தால் அழுகிப் போகும். ஹாலந்தில் ஸேலந்து என்கிற கடலோர ஜில்லாவில் குளிர்காலம் முழுக்கக் கெடாமல் வைத்திருக்கிறார்களாம். அதைப் பார்த்துவிட்டு வர இவனைப் பொறுக்கினார்கள். அக்டோபரில் கப்பல் ஏறி ஏப்ரலில் திரும்ப வேண்டும்.

ஊரே மெச்சியது. என் தங்கை சுந்தரம்மாள் மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வராமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தைப்பூசத்துக்கு யாரு நடக்கிறது?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்கள் பிள்ளை சோலைமுத்து கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு, கண் மேலே செருகி, எல்லோரும் கைவிட்ட நிலைக்குப் போய்விட்டான். அன்றைக்கு ஆண்டிச்சாமி மஞ்சள் துணியில் காசு முடிந்து, பிள்ளை பிழைத்தால் மூன்று தைப்பூசம் பழனிக்கு நடந்து வருகிறேன் என்று முருகனிடம் சொன்னான். பிள்ளை பிழைத்தது. இரண்டு வருஷம் நடந்து முடித்துவிட்டான். மூன்றாவது நடை பாக்கி இருக்கும்போது ஹாலந்து குறுக்கே வந்தது.

நானும் வருஷம் தவறாமல் பழனிக்குப் போகிறவன்தான், ஆனால் பஸ்ஸில். முருகனே மயில்மேல் ஏறித்தானே போகிறார் என்று கேட்டு எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அதனால் என் யோசனையை யாரும் கேட்கவில்லை. ஊர் நடைக்கூட்டத்துக்குத் தலைவர் சடையாண்டியிடம்தான் போய்க் கேட்டார்கள். வருஷா வருஷம் புறப்படுகிற அன்று பிள்ளையார் கோயில் முன்னால் நின்று, ஒவ்வொருத்தர் நெற்றியிலும் திருநீறு பூசி, "யார் பேருக்கு நடக்கிறே?" என்று கேட்பவர் அவர். சொன்ன பேரை உரக்கச் சொல்லி, "வேல் முருகனுக்கு" என்று குரல் கொடுப்பார். மொத்தக் கூட்டமும் "அரோகரா" என்று பதில் சொல்லும். அந்தப் பதில் வந்த பிறகுதான் அந்த ஆள் முதல் அடி எடுத்து வைக்கலாம். அது எங்கள் ஊர் வழக்கம்.

சடையாண்டி தாராளமாக, அடுத்த வருஷம் நடந்தால் போதும், சாமி பொறுத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார். என் தங்கை ஒத்துக்கொள்ளவில்லை.

"சாமி பொறுத்துக்கிருவாரு. எனக்குப் பொறுக்காதே" என்றாள்.

கடைசியில் ஆண்டிச்சாமி அவளுக்கு வாக்குக் கொடுத்தான். எந்தச் சீமையில் இருந்தாலும் தைப்பூசத்தன்று காலில் ஒன்றும் போடாமல், பொழுது சாயும் வரை நடப்பேன் என்றான். அவளும் அன்றைக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு பழனிக்கு நடப்பதாகச் சொன்னாள். ஒரு பொட்டலம் திருநீற்றைத் துணியில் கட்டி அவன் பெட்டிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகே எங்கள் வீட்டில் காப்பி போட்டார்கள்.

அங்கே நடந்ததை அவன் திரும்பி வந்து மண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து பல சாயங்காலங்களில் சொன்னான். சேர்த்து வைத்து நான் சொல்கிறேன்.

அவன் தங்கிய வீட்டுக்காரர் பெயர் மரினுஸ். பேச்சுக் குறைந்த மனிதர். அவர் மனைவி நேல்ச்சே. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். வாசல் கதவுக்குப் பக்கத்தில் கோட்டு மாட்ட மர முளைகள் இருந்தன. அதில் ஒன்று மட்டும் இடுப்பு உயரத்தில் தாழ்வாக இருந்தது. போன புதிதில் ஆண்டிச்சாமி தன் துண்டை அதில் மாட்டினான். நேல்ச்சே அதை எடுத்து மேலே இருந்த முளையில் மாட்டினாள். அதற்கப்புறம் அவன் அதைத் தொடவில்லை. காரணமும் கேட்கவில்லை.

வெங்காய வேலை அவனுக்கு இரண்டே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. ஊர்தான் பிடிபடவில்லை. எங்கள் கண்மாயில் கரைக்கு உள்ளே தண்ணீர், வெளியே வயல். அங்கே கடலுக்கே கரை போட்டு, கடல் மட்டத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கிறார்கள். கரைமேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கப்பல் உயரத்தில் போகிறது, மறுபக்கம் மாடு பள்ளத்தில் மேய்கிறது. முதல் தடவை பார்த்தபோது கால் கூசியதாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் வேலை கிடையாது. கோயிலுக்குப் போய் வந்து வேதம் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆண்டிச்சாமியால் சும்மா உட்கார முடியாது. மரினுஸ் கொடுத்த பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவான். நூல் பிடித்தது போன்ற வாய்க்கால்கள், வாய்க்காலுக்கு ஒரு பலகைப் பாலம், வெட்டிவிட்ட தலையோடு வரிசையாக நிற்கும் மரங்கள், காற்றில் முனகும் காற்றாலை, புல்தரையில் அசையாமல் நிற்கும் ஆடுகள். எதிரே வருகிறவர்கள் தொப்பியைத் தொட்டுத் தலையசைப்பார்கள். வேற்றாள் நடந்து பத்து வீடு தாண்டியும் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை என்று அவனுக்கு ஆச்சரியம்.

ஆனால் நடக்கப் போன நாளெல்லாம் வழி தவறினான். நம் ஊரில் எங்கே நின்றாலும் ஒரு பக்கம் திண்டுக்கல் மலை தெரியும், ஒரு பக்கம் சிறுமலை தெரியும். அதை வைத்துத்தான் நமக்குத் திசை. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் தரையில் வந்து முட்டுகிறது.

"மச்சான், கண்ணு சாஞ்சுக்கிற ஒரு மலை இல்ல. அழுகையா வந்துச்சு" என்றான் என்னிடம்.

இப்படியாக ஜனவரி கடைசி வந்தது. 1961-ல் தைப்பூசம் அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி. அன்று விடியும் முன்னே கொல்லைப்புறம் போய்ப் பனி படர்ந்த வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். பல்லு கிடுகிடுக்க உள்ளே வந்தால், புருஷனும் மனைவியும் சமையலறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு ரொட்டியை யாரும் தொடவில்லை. தான் குளிரில் குளித்ததற்குத்தான் கோபம் என்று இவன் நினைத்துக்கொண்டான். வேற்றுச் சாமி பேரை அவர்கள் மேஜையில் சொல்லவும் கூச்சம். செருப்பில்லாமல் நடக்கப் போகிறேன் என்றால் விடவும் மாட்டார்கள். செத்த நேரம் வெளியே போய்வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கரைமேல் ஏறுகிற படிக்கட்டின் அடியில் நின்று பூட்ஸைக் கழற்றினான். நடைக்குப் போகிறவர்கள் உடம்பில் தோல் சாமான் இருக்கக்கூடாது. அதனால் இடுப்பு பெல்ட்டையும், தோல் வார் போட்ட கைக்கடிகாரத்தையும் கழற்றினான். காலுறையை மடித்து ஒரு பூட்ஸுக்குள்ளும், கடிகாரத்தை இன்னொன்றுக்குள்ளும் வைத்து, பெல்ட்டைச் சுருட்டி மேலே வைத்தான். கோயில் வாசலில் விடுவதுபோல ஜோடியாக, ஒழுங்காக வைத்தான். இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டான். திருநீறு பூசி, கடலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

புல்லெல்லாம் உறைபனி. முதலில் கால் எரிந்தது, பிறகு வலித்தது, பிறகு கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அதைவிடப் பெரிய கஷ்டம் வேறு ஒன்று. "வேல் முருகனுக்கு" என்று சொன்னால் பதில் சொல்ல ஆளில்லை. அவனே சொல்லி அவனே "அரோகரா" போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. அந்த நேரம் ஒட்டன்சத்திரம் பக்கம் தன் பெண்டாட்டி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டிருப்பாள் என்று நினைத்து நினைத்துத்தான் அடுத்த அடி எடுத்து வைத்தான்.

அவன் நினைத்தது சரிதான். அந்த நேரம் சுந்தரம்மாள் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி, கால் கொப்புளத்தோடு ஒரு வீட்டு வாசலில் நின்றாள். அந்த வீட்டு அம்மாள், "ஏனுங்க, உட்கார்ந்து மோர் குடிச்சுட்டுப் போங்க" என்றாளாம். நம் ஆள் சீமையில் ஒரு வாய் வெந்நீருக்கு வழியில்லாமல் நடக்கிறாரே என்று இவள் அந்த மோரைக் குடிக்காமல் பிள்ளைக்கே கொடுத்துவிட்டாள். பைத்தியக்காரக் குடும்பம் என்று வாய்விட்டுத் திட்டினேன் நான், இதைக் கேட்டபோது. திட்டிவிட்டு மண்டிக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

உச்சிப்பொழுதுக்கு மேல் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கரைமேல் ஒரு ஆள் ஓடி வருகிறார். தொப்பி இல்லை. விழுகிறார், எழுகிறார், மறுபடி ஓடி வருகிறார். மரினுஸ். ஒரு கையில் இவனுடைய பூட்ஸ், இன்னொரு கையில் பெல்ட்.

கிட்டே வந்ததும் இவன் தோளைப் பிடித்தார், முகத்தைத் தொட்டார், சட்டை நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்து, பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

ஆண்டிச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரைவேக்காட்டு இங்கிலீஷில் அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. அந்த ஊரில் யாராவது தண்ணீர் ஓரத்தில் பூட்ஸையும் கடிகாரத்தையும் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுப் போனால், அந்த ஆள் திரும்பி வருவதில்லை. கடலில் இறங்கிவிட்டான் என்று அர்த்தம். நாம் சாமியிடம் போகக் கழற்றுகிறோம். அவர்கள் சாகப்போகக் கழற்றுகிறார்கள்.

ஆண்டிச்சாமி அவர் காலடியில் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் சொன்னான். சோலைமுத்து காய்ச்சலில் கிடந்தது, முருகனிடம் சொன்னது, மூன்றாவது நடை, பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கு, எல்லாம். மரினுஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக ஓடி விளையாடுகிறான் என்று இவன் சொன்னான். அவர் தலையசைத்தார். எந்த இடம் வரை நடக்க வேண்டும் என்று கேட்டார்.

பழனியில் ஒரு மலை இருக்கிறது, அங்கே போய் ஏறினால்தான் நடை முடியும், இங்கேதான் மலை இல்லையே, பொழுது சாயும் வரை நடந்துவிட்டு நின்றுகொள்கிறேன் என்றான் ஆண்டிச்சாமி.

மரினுஸ் பூட்ஸில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். பிறகு எழுந்து, "ஒன்று இருக்கிறது. வா" என்றார்.

அவர் இவனைப் பூட்ஸ் போடச் சொல்லவில்லை. அதை ஆண்டிச்சாமி கடைசி வரை மறக்கவில்லை. பூட்ஸைத் தன் கையிலேயே தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். வந்த வழியே திரும்பி வந்து, கரையிலிருந்து இறங்கி, வயல் நடுவே போனால் ஒரு மேடு இருந்தது. இரண்டு ஆள், மூன்று ஆள் உயரம் இருக்கும். புல் மூடிய மண்குவியல். அந்தக் காலத்து மனிதர்கள், கடல் உள்ளே வந்தால் ஓடிப்போய் ஏறிக்கொள்ளக் கூடையில் மண் சுமந்து போட்ட மேடு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதுதான் உயரம்.

மேட்டின் அடியில் மரினுஸ் நின்றுவிட்டார். அவர் கால் மேலே ஏறவில்லை. ஆண்டிச்சாமி கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு ஏறினார்.

மேலே போய்த்தான் சொன்னார். 1953-ல், இதே நாள் இரவு, பௌர்ணமி கழிந்து கடல் பொங்குகிற சமயத்தில் புயல் அடித்துக் கரை உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் கடல் வந்தது. மரினுஸும் நேல்ச்சேயும் அவர்கள் மகனை நடுவில் பிடித்துக்கொண்டு இருட்டில் இந்த மேட்டுக்கு ஓடினார்கள். பையன் பெயர் கீஸ். மேட்டுக்குக் கிட்டே வந்தபோது கழுத்தளவுத் தண்ணீர் இழுத்தது. கீஸின் கை அப்பன் கையிலிருந்துதான் நழுவியது. இவர்கள் இரண்டு பேரும் மேலே ஏறிவிட்டார்கள். விடியும் வரை இந்த மேட்டில் நின்று "கீஸ், கீஸ்" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தொண்டை கட்டிச் சத்தம் நின்ற பிறகும் வாய் கூப்பிட்டதாம். எந்தப் பக்கத்திலிருந்தும் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அன்றுதான் அந்த மேட்டில் கால் வைக்கிறார். நேல்ச்சே மட்டும் வருஷா வருஷம் தனியாக வந்து போவாளாம்.

தாழ்வான அந்த மர முளை யாருடையது என்று ஆண்டிச்சாமிக்கு அப்போது தெரிந்தது.

மரினுஸ் அவனிடம் ஒன்று கேட்டார். உன்னைப் போல நானும் நடக்கிறேன் என்று சொல்லியிருந்தால், உன் சாமி என் பையனை விட்டிருக்குமா?

"என்ன மாப்ளே சொன்னே?" என்று நான் கேட்டேன்.

"தெரியலைன்னேன் மச்சான். வேற என்ன சொல்ல? எம்பிள்ளை பிழைச்சுக் கிடக்கான். நான் எந்த வாயால அவருக்கு ஞாயஞ் சொல்றது?"

அந்த மேட்டில் மேற்கே சாயும் பொழுதைப் பார்த்து நின்று அவன் தன் நடையை முடித்தான். முருகனுக்குச் சொல்ல வேண்டியதை மெதுவாக, தனக்குள் சொன்னான். அந்த இடத்தில் சத்தம் போட அவனுக்கு மனசு வரவில்லை.

வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. நேல்ச்சே வாசலில் நின்றாள். புருஷன் மேட்டுப் பக்கமிருந்து வருவதையும், கால்சட்டை முழங்காலில் ஒட்டியிருந்த புல்லையும் மண்ணையும் பார்த்தாள். எங்கே போனார் என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்துவிட்டது. அவர் கன்னத்தில் கை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, ஆண்டிச்சாமியை உட்கார வைத்து, விறைத்துப்போன அவன் காலை எடுத்து அதில் வைத்து, தண்ணீரை அள்ளி ஊற்றினாள். நடந்து போகிறவர்கள் காலில் நம் ஊர்ப் பெண்கள் தண்ணீர் ஊற்றுவது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் ஊற்றினாள். அதுவரை அழாதவன் அப்போது அழுதான்.

ஏப்ரலில் ஊர் வந்து சேர்ந்தான். இரண்டு கால்விரலில் உணர்ச்சி இல்லை. இன்றைக்கும் இல்லை. சுந்தரம்மாள் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டாள். சண்டை போடவில்லை. அது எனக்குப் பயமாகவே இருந்தது.

அடுத்த தை பிறந்தது. வேண்டுதல் மூன்றும் முடிந்துவிட்டதே, இந்த வருஷமாவது என்னோடு பஸ்ஸில் வா என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவன் பதில் சொல்லுமுன் என் தங்கை மஞ்சள் வேட்டியை உதறிக் கொடியில் போட்டாள். இரண்டு பேரும் நடக்கப் போவதாகச் சொன்னாள். யாருக்காக என்று கேட்டேன். அவள் வேட்டிச் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

புறப்படுகிற அன்று வழியனுப்பப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தேன். பையில் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்திருந்தேன். நல்ல கூட்டம். சடையாண்டி வரிசையாகத் திருநீறு பூசிப் பேர் கேட்டுக்கொண்டு வந்தார். ஆண்டிச்சாமி முறை வந்தது.

"யார் பேருக்கு நடக்கிறே?"

"கீஸ்" என்றான்.

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது யார், பயலுக்கு என்ன சீக்கு என்று சடையாண்டி கேட்டார்.

"பய இப்ப இல்ல அப்பு. கடல் கொண்டு போயிருச்சு. வருசமாச்சு."

சடையாண்டியின் கை நெற்றிக்கு வராமல் பாதியில் நின்றது. வேண்டுதல் என்பது உயிரோடு இருக்கிறவர்களுக்கு. செத்துப்போன பிள்ளைக்கு யாரும் நடந்ததில்லை. அதுவும் எந்தச் சீமையிலோ, எந்த வேதத்திலோ பிறந்த பிள்ளைக்கு. பின்னால் முணுமுணுத்தார்கள். "பெறகு என்னத்துக்கப்பா வேண்டுதல்?" என்றார் சடையாண்டி. கோபமில்லை, உண்மையாகவே கேட்டார். ஆண்டிச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். பேர் சொல்லிப் பதில் வராமல் அவன் அடியெடுத்து வைக்க முடியாது.

என் தங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவங்கப்பன் விடிய விடிய அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. ஏன்னு பதிலுக்குக் கேக்க ஒரு ஆள் இல்ல. நாம இம்புட்டுப் பேரு இருக்கோம். ஒரு தடவ கேப்போமேன்னுதான்" என்றாள்.

சடையாண்டி அவளையே பார்த்தார். பிறகு ஆண்டிச்சாமி நெற்றியில் திருநீற்றை அழுத்திப் பூசினார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கைத்தடியை உயர்த்தினார். அந்தப் பேர் அவர் வாயில் சரியாக வரவில்லை. ஆனாலும் தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார்.

"கீஸு பேருக்கு... வேல் முருகனுக்கு..."

"அரோகரா" என்றது மொத்தக் கூட்டமும். நானும்தான்.